கம்பெனி கைவிட்ட ஜென்செட், பிரேக்கர் பார்ட்ஸை தேடிப் பிடிக்கிறது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் எந்தப் பழைய மில்லோட பவர் ரூமுக்குள்ள போனாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். தொண்ணூறுகள்ல வாங்கின ஜென்செட் (டீசல் ஜெனரேட்டர்) ஒண்ணு, 2008லேருந்து 2014 வரைக்கும் கரண்ட் கட் வாட்டி எடுத்தப்ப அவசரமா செகண்ட் ஹேண்ட்ல எடுத்துப் போட்ட செட் ஒண்ணு, எண்பதுகள்ல மாட்டுன ஏசிபி (ஏர் சர்க்யூட் பிரேக்கர்) நாலஞ்சு. என்ஜின் நல்லா இருக்கும், வைண்டிங் நல்லா இருக்கும், ஆனா உள்ளங்கை சைஸ்ல ஒரு எலக்ட்ரானிக் கார்டு போச்சுன்னா மொத்த செட்டும் நின்னுடும். டீலருக்கு போன் போட்டா "சார் அந்த மாடல் நின்னு பல வருஷம் ஆச்சு, புது செட்டுக்கு கொட்டேஷன் அனுப்பட்டுங்களா"ம்பாங்க. அந்த ஒரு வார்த்தையை நம்பி லட்சக்கணக்குல செலவு பண்ணின மில்லுங்க நிறைய, அதுக்காகத்தான் இதை எழுதறேன்.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். "நின்னு போச்சு"ன்னா, அந்த டீலரோட லிஸ்ட்ல அந்த நம்பர் இல்ல, அவ்வளவுதான் அர்த்தம். அந்தப் பொருளை உண்மையிலேயே செஞ்சது யாரு, அது என்ன வேலை பாக்குது, இந்த ரெண்டும் உங்களுக்குத் தெரிஞ்சா பாதிக்கு மேல தேடல் முடிஞ்ச மாதிரி.

கழட்டறதுக்கு முன்னாடி

பழுதான பார்ட்டை கையில எடுக்கறதுக்கு முன்னாடியே போட்டோ எடுங்க. ஒயர் எந்த டெர்மினல்ல இருந்துச்சு, திருகற டிரிம்மர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கு, ஜம்பர் லிங்க் எங்க போட்டிருக்கு, எல்லாம் வேணும். பார்ட் கிடைச்சும் செட்டிங் தெரியாம ஒரு வாரம் தடுமாறுன இடங்கள் உண்டு.

அப்புறம் நம்பர்கள். ஜென்செட்டுன்னா வெளிய ஒட்டியிருக்கற செட் கம்பெனி ஸ்டிக்கர் மட்டும் பத்தாது, என்ஜின் நேம்பிளேட், ஆல்டர்னேட்டர் நேம்பிளேட், ஏவிஆர் (ஓல்டேஜை நிலையா வைக்கற கார்டு) மேல இருக்கற டைப் நம்பர், மூணையும் தனித்தனியா எழுதுங்க. கம்மின்ஸ் என்ஜின்னா சீரியல் நம்பரோட சிபிஎல் (எந்தெந்த பார்ட்ஸ் போட்டதுன்னு சொல்ற லிஸ்ட்) நம்பரும் பிளேட்ல இருக்கும், அதை விட்றாதீங்க, ஏன்னா ஒரே என்டிஏ855ன்னு சொல்ற என்ஜின்லயே சிபிஎல் மாறினா பிஸ்டன், கேம்ஷாஃப்ட், டர்போ எல்லாம் மாறும். ஏசிபின்னா பிரேம் சைஸ், போல் எத்தனை, டிராஅவுட்டா (கூண்டுல இருந்து வெளிய இழுக்கற வகை) ஃபிக்ஸடா, ரிலீஸ் (ஓவர்லோடுல டிரிப் பண்ற யூனிட்) மாடல், பிரேக்கரைத் திறக்கற டிரிப் காயில், மூடற குளோசிங் காயில் ரெண்டோட ஓல்டேஜ், அது ஏசியா டிசியா, இவ்வளவும் வேணும். கார்டுன்னா ரெண்டு பக்கமும் போட்டோ, போர்டு மேலயே பொடி எழுத்துல ஒரு நம்பர் பிரின்ட் ஆகியிருக்கும், ஸ்டிக்கர்ல இருக்கற நம்பரைவிட பல சமயம் அதுதான் வழி காட்டும்.

இன்னொண்ணு, நேம்பிளேட்டை அப்படியே நம்பாதீங்க. முப்பது வருஷத்துல அந்த மிஷின்ல எத்தனை பேர் கை வச்சிருப்பாங்க, ஏவிஆர் ஏற்கெனவே வேற மாடலுக்கு மாத்தியிருக்கலாம். உள்ள இருக்கறதைப் பாத்து எழுதுங்க.

உண்மையிலேயே செஞ்சது யாரு

ஜென்செட் விக்கறவங்க பெரும்பாலும் அசெம்பிள் பண்றவங்கதான், என்ஜின் ஒருத்தர், ஆல்டர்னேட்டர் ஒருத்தர், கவர்னர் (என்ஜின் வேகத்தை நிலையா வைக்கறது) ஒருத்தர், பேனல்ல இருக்கற ரிலே இன்னொருத்தர். செட் கம்பெனி தன்னோட பார்ட் நம்பரை ஒட்டி வித்திருக்கும், அந்த நம்பரைப் போட்டுத் தேடினா ஒண்ணும் வராது, உள்ள பாத்தா ஸ்டாம்ஃபோர்டோட எஸ்எக்ஸ்460 ஏவிஆரா இருக்கும், அது கடையிலேயே கிடைக்கும். அதே மாதிரி கவர்னர்னா வுட்வேர்டு யுஜி8, 2301ஏ மாதிரி உலகம் பூரா ஓடுன மாடல்களுக்கு சர்வீஸ் பண்றவங்க இன்னும் இருக்காங்க.

அடுத்து கம்பெனி கைமாறுன கதை தெரியணும். இங்கதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. மில்லு எச்டி (ஹை டென்ஷன்) பேனல்ல இருக்கற இங்கிலிஷ் எலக்ட்ரிக் சிடிஜி ரிலேயை (கரண்ட் அளவு மீறினா பிரேக்கரைத் திறக்கச் சொல்றது) எடுத்துக்கோங்க, நம்ம பல்லாவரத்துலயே செஞ்சது. அந்தக் கம்பெனி ஜிஇசி ஆச்சு, அப்புறம் ஜிஇசி அல்ஸ்தாம், அப்புறம் அல்ஸ்டாம், 2004ல அரேவா, 2010ல மறுபடியும் அல்ஸ்டாம், 2015ல ஜிஇ, இப்ப ஜிஇ வெர்னோவா. "இங்கிலிஷ் எலக்ட்ரிக் ரிலே இருக்கா"ன்னு கேட்டா சின்னப் பசங்க முழிப்பாங்க, சிடிஜி31னு சொல்லி இந்த வம்சாவளியையும் சொன்னா ஆளு பிடிச்சுத் தருவாங்க. எல் அண்ட் டி ஸ்விட்ச்கியர் 2020ல ஷ்னைடர் கைக்குப் போச்சு, 2024லேருந்து லாரிட்ஸ் நுட்சென்னு பேரு. லீராய் சோமர் ஆல்டர்னேட்டர் எமர்சன்கிட்ட இருந்து 2017ல நிடெக்குக்குப் போச்சு. தைரிஸ்டர் (கரண்டைக் கட்டுப்படுத்தற செமிகண்டக்டர்) மாட்யூல் செய்யற செமிக்ரான் இப்ப செமிக்ரான் டான்ஃபோஸ். புனேல 1962ல ஆரம்பிச்ச கிர்லோஸ்கர் கம்மின்ஸ்தான் இப்ப இருக்கற கம்மின்ஸ் இந்தியா. பழைய பேர்ல ஒரு தடவை, இடையில இருந்த ஒவ்வொரு பேர்லயும் ஒரு தடவை, இப்போதைய பேர்ல ஒரு தடவை தேடணும். பழைய ஸ்டாக் வச்சிருக்கறவர் தன் லிஸ்ட்ல எந்தப் பேரைப் போட்டு வச்சிருப்பார்னு யாருக்குத் தெரியும்.

கம்பெனிக்கு மெயில் போடறப்ப சேல்ஸுக்குப் போடாதீங்க, சர்வீஸுக்குப் போடுங்க. "இந்தப் பார்ட் இருக்கா"ன்னு கேட்டா இல்லைன்னு ஒரு வரில முடிஞ்சுடும். "இந்த நம்பருக்குப் பதிலா வந்த நம்பர் எது, அது மாட்ட அடாப்டர் எதுவும் இருக்கா, இதோட லைஃப்சைக்கிள் எந்த நிலையில இருக்கு"ன்னு கேளுங்க. ஏபிபி மாதிரி கம்பெனிங்க தங்களோட பொருளை ஆக்டிவ், கிளாசிக், லிமிடெட், அப்ஸலீட்னு நாலு கட்டமா பிரிச்சு வச்சிருக்கு. லிமிடெட்ல இருக்கற வரைக்கும் ஏதோ ஒரு வகையில பார்ட் கிடைக்கும், உங்க டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தற யூனிட்) அந்தக் கட்டத்துல இருக்குன்னு தெரிஞ்சா அப்பவே வாங்கி வச்சுடணும், அப்ஸலீட் ஆன அப்புறம் வெளி மார்க்கெட்தான்.

பார்ட்டை உடைச்சுப் பாருங்க

"அசெம்பிளி கிடைக்கல"ங்கறதுக்கும் "உள்ள போனது கிடைக்கல"ங்கறதுக்கும் ரொம்ப தூரம். ஆக்சுவேட்டர் (கவர்னர் சொல்றபடி டீசல் லிவரை நகர்த்தறது) கிடைக்காது, ஆனா அதுக்குள்ள இருக்கற பேரிங் மேல 6000 சீரிஸ் நம்பர் இருக்கும், ஆயில் சீல்ல உள் விட்டம் வெளி விட்டம் தடிமன் மூணும் இருக்கும், ரெண்டும் எந்த ஊர்லயும் கிடைக்கும். பிரஷ்லெஸ் ஆல்டர்னேட்டர்ல ஓல்டேஜ் வரலைன்னா ஏவிஆரை மாத்தறதுக்கு முன்னாடி, ஆல்டர்னேட்டர் பின்பக்கம் சுத்தற ரெக்டிஃபையரை (ஏசியை டிசியாக்கறது) பாருங்க, ஆறு டையோடு, மூணு ஒரு பக்கம் மூணு எதிர்ப்பக்கம், கூட ஒரு வேரிஸ்டர் (ஓல்டேஜ் திடீர்னு எகிறினா டையோடைக் காப்பாத்தறது). டையோடோட ஆம்ப், ஓல்டேஜ், ஸ்டட் சைஸ், எந்தப் பக்கம் ஆனோடு, இந்த நாலும் பொருந்தினா போதும், கம்பெனி கிட் இல்லைன்னாலும் சேர்க்கலாம். ஒண்ணு போனாலும் ஆறையும் மாத்திடுங்க.

தைரிஸ்டர் மாட்யூலும் இப்படித்தான். செமிக்ரான் எஸ்கேகேடி 106/16இன்னு இருந்தா அந்த நம்பரே பேசும், 106 ஆம்ப், 1600 வோல்ட். அதே பாக்கேஜ்ல வேற மூணு நாலு கம்பெனி செய்யுது. ஆனா அதுக்கு முன்னாடி இருக்கற செமிகண்டக்டர் ஃப்யூஸை மாத்தறப்ப ஆம்ப் மட்டும் பாத்து மாத்தாதீங்க, ஃப்யூஸோட ஐஸ்கொயர்டி மதிப்பு (உருகி அறுக்கறதுக்குள்ள விடற சூட்டோட அளவு) தைரிஸ்டரோடதைவிட கம்மியா இருக்கணும், இல்லைன்னா ஃப்யூஸைக் காப்பாத்த தைரிஸ்டர் செத்துப் போகும்.

இப்ப ஏவிஆர் விஷயம், ஏன்னா நின்னு போன பார்ட்னு அதிகமா தேடறது இதைத்தான். அதே மாடல் கிடைக்கலைன்னா வேற மாடல் போடலாம், ஆனா நாலு விஷயம் தெரியாம கடைக்குப் போகாதீங்க. ஒண்ணு, கரண்ட் எங்கிருந்து எடுக்குது. ஸ்டாம்ஃபோர்டுல எஸ்எக்ஸ் வகை மெயின் ஸ்டேட்டர்ல இருந்தே பவர் எடுக்கும், எம்எக்ஸ் வகைக்கு பின்னாடி பிஎம்ஜி (நிரந்தரக் காந்தம் வச்ச சின்ன ஜெனரேட்டர்) இருந்தாத்தான் வேலை. ரெண்டு, ஏவிஆர் அளந்து பாக்கற சென்சிங் ஓல்டேஜ் எவ்வளவு, ஒரு ஃபேஸா மூணு ஃபேஸா. மூணு, எக்சைட்டர் ஃபீல்டோட ரெசிஸ்டன்ஸ், ஒயரைக் கழட்டிட்டு நல்ல மீட்டர்ல அளந்து எழுதிக்கோங்க, புது ஏவிஆர் தர்ற கரண்ட் அதுக்குப் போதுமான்னு பாக்கணும். நாலு, டிரூப் சிடி (கரண்டை அளக்கற சின்ன டிரான்ஸ்ஃபார்மர்) இருக்கா, ரெண்டு செட்டை பேரலல் பண்ணி ஓட்டறவங்களுக்கு இது இல்லாம ஆகாது. இதை ஒரு சீட்டுல எழுதி எடுத்துட்டுப் போனா கடைக்காரரே உங்களை வேற மாதிரி பாப்பார்.

எங்க தேடறது

முதல்ல பக்கத்துல. உங்க மில்லு மாதிரியே அதே வருஷம் அதே செட் வாங்கின மில்லுங்க சுத்துவட்டாரத்துல இருக்கும், அங்க இருக்கற எலக்ட்ரீஷியன் அண்ணங்க கிட்ட கேளுங்க. ஓடாத செட் ஒண்ணு ஷெட்ல தூசி படிஞ்சு நிக்கும், முதலாளிக்கு அது இடத்தை அடைக்கற இரும்பு, உங்களுக்கு பத்து வருஷத்துக்கான பார்ட். முழு செட்டாவே பேசி எடுத்துடறது பல சமயம் ஒரே ஒரு பார்ட் வாங்கறதைவிட லாபம்.

சென்னைன்னா எலக்ட்ரானிக் காம்போனென்ட்டுக்கு ரிச்சி ஸ்ட்ரீட், எலக்ட்ரிக்கல், ஹார்டுவேருக்கு பாரிஸ் கார்னர் பக்கம். பெங்களூர்ல எஸ்பி ரோடு. பழைய ஸ்விட்ச்கியருக்கு மும்பை லோஹார் சால், டெல்லி பகீரத் பேலஸ் ரெண்டும் பெருசு, ஆனா டூப்ளிகேட்டும் அங்கதான் அதிகம், நேர்ல போக முடியலைன்னா தெரிஞ்ச ஆள் மூலமா மட்டும் வாங்குங்க.

அரசு நிறுவனங்கள் கழிக்கற பொருள் எம்எஸ்டிசிங்கற மத்திய அரசு கம்பெனியோட இ-ஆக்ஷன்ல வரும். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017ல மூடுனாங்க, 1962ல ஓட ஆரம்பிச்ச நெய்வேலி முதல் அனல்மின் நிலையம் 2020ல நின்னுச்சு, அந்த மாதிரி ஒரு இடம் மூடறப்ப எந்த அளவுக்கு பிரேக்கர், ரிலே, மோட்டார் வெளிய வரும்னு நினைச்சுப் பாருங்க. ஏலத்துல லாட்டா எடுக்கணும், இருக்கற நிலையில அப்படியே எடுக்கணும், அதனால நேரா ஏலம் எடுக்கறதைவிட எடுத்த வியாபாரியைப் பிடிச்சு அவர்கிட்ட நமக்கு வேணுங்கறதை மட்டும் வாங்கறதுதான் சின்ன மில்லுக்கு சரி.

அப்புறம் குஜராத்ல அலங். கப்பல் உடைக்கற இடம், ரோட்டோரமா கிலோமீட்டர் கணக்குல கடைங்க, ஜென்செட், ஏசிபி, வுட்வேர்டு கவர்னர், பம்ப், மோட்டார்னு எல்லாம் கிடைக்கும், தரமும் நல்லா இருக்கும். ஆனா கப்பல்ல பெரும்பாலும் 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இதை மறந்துட்டு வாங்கறவங்க அதிகம். 440 வோல்ட் 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செஞ்ச கான்டாக்டர் (மோட்டாரை ஆன் ஆஃப் பண்ற ஸ்விட்ச்) காயிலை நம்ம 415 வோல்ட் 50 ஹெர்ட்ஸ்ல போட்டா ஓல்டேஜ் கம்மிதானேன்னு தோணும், கணக்குப் போட்டுப் பாருங்க, 440ஐ 60ஆல வகுத்தா 7.33, 415ஐ 50ஆல வகுத்தா 8.3. காந்தப் புலம் 13 சதவீதம் ஏறுது, காயில் சூடாகிட்டே இருந்து ஒருநாள் கருகும். காயில் மேல ரெண்டு ஃப்ரீக்வென்சியும் போட்டிருந்தா கவலையில்ல, இல்லைன்னா கான்டாக்டரை மட்டும் வச்சுட்டு காயிலை நம்ம ஊர்ல மாத்திக் கட்டிக்கோங்க. ஏவிஆரும் அப்படித்தான், ஜம்பர் லிங்க் 60 ஹெர்ட்ஸ்ல இருந்தா நம்ம 1500 ஆர்பிஎம்ல ஓல்டேஜ் முழுசா ஏறாது, அண்டர் ஃப்ரீக்வென்சி பாதுகாப்பு இழுத்துப் பிடிக்கும். ஏவிஆர் கெட்டுப் போச்சுன்னு தூக்கிப் போட வேண்டாம், லிங்க்கை 50க்கு மாத்துங்க.

ஆன்லைன்ல வாங்கறப்ப

உங்க பேரும் இன்னிக்குத் தேதியும் ஒரு பேப்பர்ல எழுதி பார்ட் பக்கத்துல வச்சு போட்டோ அனுப்பச் சொல்லுங்க, பொருள் கையில இல்லாதவங்க அங்கயே கழண்டுக்குவாங்க. ஜிஎஸ்டி நம்பரை போர்ட்டல்ல போட்டு ஒரு நிமிஷம் சரி பாருங்க. ரிட்டர்ன் உண்டா, டெஸ்ட் பண்ண எத்தனை நாள்னு வாட்ஸ்அப்லயாவது எழுத்துல வாங்கிடுங்க. "புதுசு, பிரிக்காத பாக்கெட்"னு சொன்னா சந்தோஷப்படறதுக்கு முன்னாடி எந்த வருஷத்துப் பாக்கெட்னு கேளுங்க, ஏன்னா அலமாரில இருந்தாலும் பொருளுக்கு வயசாகும். ரப்பருக்கு ஐஎஸ்ஓ 2230ல கணக்கே இருக்கு, நைட்ரைல் ஓ-ரிங்னா சரியா வச்சிருந்தா 7 வருஷம், சோதிச்சுப் பாத்து இன்னும் 3 வருஷம். பத்து வருஷம் தாண்டின ரப்பர் கிட்டை காசு கொடுத்து வாங்காதீங்க. டிரைவ் கார்டுல இருக்கற எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் வருஷக்கணக்கா கரண்ட் பாக்காம இருந்தா உள்ள ஆக்சைடு படலம் தேஞ்சிருக்கும், முழு ஓல்டேஜை ஒரேயடியா கொடுத்தா வெடிக்கும். வேரியாக் (ஓல்டேஜை ஏத்தி இறக்கற டிரான்ஸ்ஃபார்மர்) வச்சு மெதுவா ஏத்தி மறுபடி ஃபார்ம் பண்ணணும், கம்பெனி மேனுவல்ல எத்தனை மணி நேரம்னு போட்டிருக்கும்.

பழைய ஏசிபி ஆர்க் சூட்ல (தீப்பொறியை அணைக்கற அறை) ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, அதை ஊதறது, தேய்க்கறது வேண்டாம். பழைய கெப்பாசிட்டர், டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில பிசிபிங்கற நச்சு ரசாயனம் இருக்கான்னு கேட்காம வாங்காதீங்க, மத்திய அரசோட 2016 உத்தரவுப்படி 2025 டிசம்பர் 31க்கு மேல அதைப் பயன்படுத்தவே கூடாது.

வந்ததும் டெஸ்ட், மாட்டறது அப்புறம்

எஸ்எக்ஸ்460 மாதிரி ஏவிஆரை மேசை மேலயே பாத்துடலாம். ஃபீல்டு டெர்மினல் ரெண்டுக்கும் நடுவுல ஒரு 100 வாட் குண்டு பல்பு, எல்இடி ஆகாது, சென்சிங் பக்கம் வேரியாக். மெதுவா ஏத்துங்க, பல்பு எரியணும், செட் பண்ணின ஓல்டேஜ் கிட்ட வந்ததும் மங்கி அணையணும், கீழ இறக்கினா மறுபடி எரியணும். அணையவே அணையலைன்னா அதை மிஷின்ல மாட்டாதீங்க, ஓல்டேஜ் கட்டுப்பாடில்லாம ஏறி மில்லுல இருக்கற எல்லா கார்டையும் கொண்டு போயிடும்.

ஐடிஎம்டி ரிலேன்னா (சிடிஜி மாதிரி, கரண்ட் ஏற ஏற சீக்கிரம் டிரிப் பண்றது) செகண்டரி இன்ஜெக்ஷன், அதாவது டெஸ்ட் கிட்ல இருந்து ரிலேக்கு நேரா கரண்ட் கொடுத்துப் பாக்கறது. டைம் மல்டிப்ளையர் 1ல வச்சு, பிளக் செட்டிங்கைப் (ரிலே வேலை செய்ய ஆரம்பிக்கற கரண்ட்) போல ரெண்டு மடங்கு கரண்ட் கொடுத்தா கிட்டத்தட்ட 10 செகண்ட், பத்து மடங்கு கொடுத்தா 3 செகண்ட், இந்த ரெண்டு புள்ளியும் வந்தா ஸ்டாண்டர்டு ரிலே ஒழுங்கா இருக்குன்னு அர்த்தம். ஏசிபிக்கு மெக்கர் (இன்சுலேஷன் டெஸ்ட்) போட்டுட்டு, மூணு போலுக்கும் கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸ் மைக்ரோ ஓம்ல எடுங்க, ஒரு போல் மட்டும் தனியா ஏறி நின்னா கான்டாக்ட் தேஞ்சிருக்கு. வாக்குவம் பிரேக்கர் பாட்டில் பாக்க புதுசு மாதிரியே இருக்கும், உள்ள வாக்குவம் இருக்கான்னு ஹைபாட் (அதிக ஓல்டேஜ்) டெஸ்ட் பண்ணித்தான் சொல்ல முடியும்.

கான்டாக்ட் கிட் (பிரேக்கர், கான்டாக்டருக்குள்ள தொட்டுப் பிரியற முனைகள்) பத்தி ஒரு யோசனை. டூப்ளிகேட் கிட்ல டிப் பளபளன்னு இருக்கும், மேல மட்டும் வெள்ளி முலாம் பூசியிருப்பாங்க. நம்ம ஊர்ல நகைக்கடைகள்லயும் ஹால்மார்க் சென்டர்லயும் தங்கத்தோட தரம் பாக்கற எக்ஸ்ரே மிஷின் இருக்கில்ல, அதுல இந்த டிப்பை வச்சு வெள்ளி எவ்வளவுன்னு பாக்கச் சொல்லுங்க, அப்புறம் ஓரத்துல லேசா அரம் போட்டுட்டு அதே இடத்தை மறுபடி பாருங்க. ரெண்டு ரீடிங்கும் ஒண்ணா இருந்தா முழுக்க அதே உலோகம். ரெண்டாவது ரீடிங்ல செம்பு எகிறிச்சுன்னா கிட்டைத் திருப்பி அனுப்புங்க.

கிடைக்கவே இல்லைன்னா செஞ்சுக்கறது

கோயம்புத்தூர்ல இருக்கறவங்களுக்கு இது வரம். பீளமேடு, கணபதி, குறிச்சி சிட்கோன்னு பவுண்டரி, லேத், ஸ்பிரிங், வைண்டிங் எல்லாத்துக்கும் ஆள் இருக்கு. புஷ், பின், லிவர், கியர், வாட்டர் பம்ப் இம்பெல்லர் தாராளமா செய்யலாம், ஆனா தேஞ்ச பீஸை மட்டும் கொடுத்து இதே மாதிரி செஞ்சு கொடுங்கன்னா தேஞ்ச அளவுலதான் வரும். தேயாத பக்கத்தை அளந்து, எதிர் ஷாஃப்ட்டை அளந்து, கிளியரன்ஸ் போட்டு டிராயிங் கொடுங்க. டிரிப் காயில், குளோசிங் காயில் கட்டறப்ப கம்பி கேஜும் சுத்தும் பழசுல இருந்தே எண்ணச் சொல்லுங்க. எரிஞ்சு உருகிப் போச்சுன்னா பக்கத்து பேனல்ல இருக்கற நல்ல காயிலோட ரெசிஸ்டன்ஸ் அளந்து கொடுத்தா அதை வச்சுக் கட்டுவாங்க.

செய்யக் கூடாததும் இருக்கு. ஆர்க்கிங் கான்டாக்டை பித்தளையிலயோ வெறும் செம்புலயோ கடைஞ்சு போடாதீங்க, ஃபால்ட் வர்ற அன்னிக்கு ஒட்டிக்கும், பிரேக்கர் திறக்காது. கனெக்டிங் ராட் போல்ட் லோக்கல்ல செய்யாதீங்க. பாதுகாப்பு ரிலே கிடைக்கல, வர்ற வரைக்கும் பைபாஸ்ல ஓட்டறேன்னு சொல்றவங்களை ஓட்ட விடாதீங்க, உள்ள வேலை பாக்கறவங்க உயிர் அது.

எப்ப நிறுத்தறது

பிரேக்கர்னா, ஒரே பார்ட்டுக்கு ரெண்டாவது தடவை ஊர் ஊரா அலைய வேண்டி வந்தா ரெட்ரோஃபிட் பக்கம் போயிடணும்னு நான் சொல்வேன். பேனலை மாத்த வேண்டியதில்ல, மெர்லின் ஜெரின் மாஸ்டர்பேக்ட் எம் மாதிரி பழைய பிரேக்கர்களுக்கு அந்தப் பழைய கூண்டுலயே நுழையற மாதிரி புது பிரேக்கர் கம்பெனியே தருது. பஸ்பார்ல (பேனலுக்குள்ள கரண்ட் ஓடற பட்டை) கை வைக்காம ஒரு ஞாயித்துக்கிழமை ஷட்டவுன்ல வேலை முடியும். எச்டி பக்கம்னா மாத்தறதுக்கு முன்னாடி எலக்ட்ரிக்கல் இன்ஸ்பெக்டரேட்ல பேசிடுங்க.

ஜென்செட்டுக்கு கணக்கு வேற. புதுசு வாங்கினா 2023 ஜூலையிலேருந்து வந்த, மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தோட சிபிசிபி 4 பிளஸ் விதியால பெரும்பாலும் எலக்ட்ரானிக் என்ஜின், விலையும் ஜாஸ்தி, பழைய மெக்கானிக்கல் பிடி பம்ப் (கம்மின்ஸோட டீசல் பம்ப்) என்ஜினை நம்ம ஊர் மெக்கானிக்கே பிரிச்சுக் கோக்கற மாதிரி அதைத் தொட முடியாது. அதனால என்ஜின் பிளாக்கும் கிராங்கும் நல்லா இருக்கற வரைக்கும் பழசுக்குப் பார்ட் தேடறது நியாயமான செலவுதான், அது கூட மாசுக்கட்டுப்பாட்டு விதி உங்க இடத்துக்கு என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு.

இப்ப ஓடிட்டு இருக்கற செட்டுக்கே இந்த மாசம் ஒரு ஏவிஆர், ஒரு ஆக்சுவேட்டர், ஒரு செட் ரொட்டேட்டிங் டையோடு, ஃப்யூயல் ஷட்ஆஃப் சொலினாய்டு, டிரிப் காயில், குளோசிங் காயில், இவ்வளவும் வாங்கி டெஸ்ட் பண்ணி சிலிக்கா ஜெல் போட்ட டப்பால வைங்க. தேவைப்படாதப்ப தேடினா விலை பேசலாம், மிஷின் நின்ன அப்புறம் தேடினா சொன்ன விலைதான். மாத்தின ஒவ்வொரு பார்ட்டுக்கும் பழைய நம்பர், புது நம்பர், எங்க வாங்கினது, ஜம்பர் எங்க போட்டது, டிரிம்மர் எவ்வளவு, எல்லாத்தையும் லேமினேட் பண்ணி பேனல் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிடுங்க. பத்து வருஷம் கழிச்சு அந்தக் கதவைத் திறக்கறது நீங்களா இருக்க மாட்டீங்க.